நீலக் குழந்தைக்குத் தலைவலி வந்தால்: மூளைச் சீழ்க்கட்டி பற்றிப் பெங்களூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அதிலும் உதடும் நகமும் நீலம் பாய்கிற வகைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, இரண்டு வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலியோ வாந்தியோ வலிப்போ வந்தால், மூளைக்குள் சீழ் கட்டியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இல்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகுதான் அந்தச் சந்தேகத்தைக் கைவிடலாம். காய்ச்சல் இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒன்றை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெங்களூரில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதயத்துக்கு ஜெயதேவா, மூளைக்கும் நரம்புக்கும் நிம்ஹான்ஸ், குழந்தைகளுக்கு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் என்று பெரிய அரசு மருத்துவமனைகள் தனித்தனியாக நிற்கின்றன. நிம்ஹான்ஸும் இந்திரா காந்தியும் ஓசூர் சாலைப் பக்கம் அருகருகே இருக்கின்றன. ஜெயதேவா பன்னேர்கட்டா சாலையில் சற்றுத் தள்ளி இருக்கிறது. தூரம் பெரிதல்ல, ஆனால் ஒவ்வோர் இடத்திலும் கோப்பு வேறு, பதிவு எண் வேறு. இதயக் கோப்பில் தலைவலி பற்றி ஒரு வரியும் இருக்காது. தெருமுனை கிளினிக்கில் தலைவலிக்கு எழுதிய சீட்டில் இதயம் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லக்கூடியவர் பல நேரங்களில் தாயோ தந்தையோ பாட்டியோ மட்டும்தான். மருத்துவர் கெட்டிக்காரராக இருந்தாலும், நள்ளிரவில் முதன்முறையாகப் பார்க்கிற குழந்தையின் மார்புக்குள் என்ன இருக்கிறது என்பது சொன்னால்தான் தெரியும்.

இதயக் குறை மூளைக்கு எப்படிப் போகிறது

பல் துலக்கும்போதும் ஈறில் கீறல் விழும்போதும் நம் எல்லோருடைய இரத்தத்திலும் சில கிருமிகள் கலக்கத்தான் செய்கின்றன. உடலைச் சுற்றிவிட்டு இதயத்தின் வலப்பக்கம் வந்துசேரும் இரத்தம் நுரையீரலுக்குள் நுழையும்போது, அங்குள்ள நுண்குழாய்கள் காப்பி வடிகட்டியைப் போல அந்தக் கிருமிகளைத் தடுத்து நிறுத்திவிடுகின்றன. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்னும் குறைபாட்டில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டையும், நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பும் சேர்ந்தே இருப்பதால், இரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலைத் தொடாமலேயே இடப்பக்கம் தாண்டி, அங்கிருந்து நேராக மூளைக்கு ஏறிவிடுகிறது. பிராணவாயுக் குறைவை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களை மேலும் மேலும் உண்டாக்குவதால் இரத்தம் கெட்டிப்பட்டு, மூளையின் மெல்லிய குழாய்களில் தயங்கித் தயங்கி ஓடுகிறது. ஆங்காங்கே சிறு திட்டுகள் இரத்தம் போதாமல் நலிகின்றன. நலிந்த அந்த இடத்தில்தான் கிருமி குடியேறுகிறது. பெரும்பாலும் அது வாயிலும் ஈறிலும் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையாகவே இருக்கிறது. பல் மருத்துவர் இந்தக் கதைக்குள் வருவது அதனால்தான்.

முதல் சில நாட்கள் அந்த இடம் வீங்கிக் கனிந்திருக்குமே தவிர, திரண்ட சீழ் இருக்காது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அதைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கூடு கட்டும் முன்பே மருந்து தொடங்கினால் சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே தீர்ந்துவிடக்கூடும். நாள் கணக்கு முக்கியமாவது இதனால்தான்.

இதயத்தில் ஓட்டை என்று சொல்லப்படும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. நீலம் பாயாத சாதாரண ஓட்டைகளில் இரத்தம் பொதுவாக இடமிருந்து வலமாகவே பாய்வதால் அது மறுபடி நுரையீரலுக்குத்தான் போகிறது. எனவே பெற்றோர் முதலில் செய்ய வேண்டிய வேலை, குழந்தையின் குறைபாட்டுக்கு எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை) அறிக்கையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு மனப்பாடம் செய்வது. ஃபாலோ, பெருந்தமனிகள் இடம் மாறியிருத்தல், ஒரே கீழறை உள்ள இதயம், டிரைகஸ்பிட் அட்ரீசியா (இதயத்தின் வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு உருவாகாதிருத்தல்) ஆகியவை நீல வகையைச் சேர்ந்தவை. விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் சாதாரணக் குழந்தைக்கு 95-க்கு மேல் காட்டும் இடத்தில் இவர்களுக்கு 75, 80, 85 என்று காட்டுவது வழக்கம். அந்த வழக்கமான எண்ணையும் குறித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அவசரப் பிரிவில் எல்லோருடைய கவனமும் அந்த எண்ணிலேயே நின்றுவிடும், தலைவலி பின்னுக்குப் போய்விடும்.

ஷன்ட் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் (இப்போது சிறு குழாய் வைத்து) அந்த அறுவை, 1944-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தொடங்கி இன்றளவும் எத்தனையோ குழந்தைகளுக்கு உயிர்கொடுத்து வருகிறது. ஆனால் அது நீலத்தைக் குறைக்கிறதே தவிர, இரத்தம் குறுக்கே தாண்டுவதை நிறுத்துவதில்லை. ஓட்டையை அடைத்து, அடைப்பை நீக்கி முழுமையாகச் சரிசெய்யும் வரை மூளைக்கான ஆபத்து தொடரவே செய்கிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட நீலக் குழந்தைக்குத் திடீரென ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ வலிப்பு வந்தாலோ, சீழைவிட இரத்தம் உறைந்து குழாய் அடைபடுவதுதான் பொதுவாகக் காரணமாகிறது. வயிற்றுப்போக்கில் உடல் வறண்டிருக்கும்போதும் இரும்புச்சத்து குறைந்திருக்கும்போதும் இது வர வாய்ப்பு அதிகம். காரணம் வேறானாலும் ஓட வேண்டிய இடம் ஒன்றே.

தோலில் தெரியும் சிறு துளை

இதயத்தை விட்டுவிட்டு இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் தேவையில்லை. கருவில் நரம்புக் குழாய் மூடிக்கொண்டு தோலிலிருந்து பிரியும்போது, சில குழந்தைகளுக்கு ஓர் இடத்தில் பிரியாமல் போய், தோலிலிருந்து உள்ளே மூளையுறை வரைக்கும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பாதை தங்கிவிடுகிறது. மூக்கு நுனியில் தொடங்கி, நெற்றி, பின்மண்டை, முதுகின் நடுக்கோடு, இடுப்பு என்று உடலின் நடுக்கோட்டில் எங்கும் இது இருக்கலாம்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூக்குத் தண்டின் நடுவே குண்டூசி குத்தியது போன்ற ஒரு புள்ளி, அதிலிருந்து ஒரேயொரு மயிர் நீட்டிக்கொண்டு, எப்போதாவது அழுத்தினால் வெண்ணெய் போன்ற பிசுக்கு வெளிவருவது ஒரு வகை. பின்மண்டையில் அது முடிக்குள் மறைந்திருக்கும். விரலால் தடவினால் பயறளவு மேடோ பள்ளமோ தட்டுப்படும். மொட்டையடிக்கும்போது நாவிதர் கண்ணில் படுவதும் உண்டு. முதுகில் என்றால் அதைச் சுற்றி ஒரு முடிக்கற்றையோ சிவந்த மச்சமோ கொழுப்புத் திரட்சியோ கூடவே இருக்கலாம். அதிர்ஷ்ட மச்சம் என்று சொல்லி விட்டுவிடுகிற பாட்டிமாரை நான் குறை சொல்லவில்லை. அழுத்திப் பார்க்கக் கூடாது, குச்சியோ ஊசியோ விட்டு ஆழம் பார்க்கக் கூடாது, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். பாதை எதுவரை போகிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும், கிருமி ஏறும் முன்பே நரம்பு அறுவை மருத்துவர் அதை வேரோடு எடுத்துவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்கிறது. பின்மண்டைத் துளையை விட்டுவைத்தால் சிறுமூளையில் சீழ் கட்டும் வாய்ப்பு உண்டு. அங்கே பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ்தான் புகுந்திருக்கும்.

ஆசனவாய்க்கு மிக அருகே, பிட்டப் பிளவுக்குள்ளேயே, அடி தெரியும்படி இருக்கும் ஆழமற்ற சிறு குழி பல குழந்தைகளுக்கு உண்டு. பொதுவாக அது ஒன்றுமில்லை. பிளவுக்கு மேலே இருப்பதுதான் காட்ட வேண்டியது. மூளைக்காய்ச்சல் ஒரே குழந்தைக்கு இரண்டாம் முறை வந்தால், தலைமுடியை வழித்து நடுக்கோட்டைத் தேடினீர்களா, உள்காதின் அமைப்பைப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

பிளந்த அண்ணத்தோடு பிறந்த குழந்தைகளுக்குக் காதில் அடிக்கடி சீழ் வரும். அது நாற்றமடிக்கும் சீழாக மாறி மாதக்கணக்கில் நின்றால் எலும்பை அரித்து மூளைக்குள் இறங்கும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறிகள் எப்படி ஏமாற்றுகின்றன

தலைவலி, காய்ச்சல், கைகால் பலவீனம் மூன்றும் சேர்ந்து வரும் என்று புத்தகம் சொன்னாலும், மூன்றும் ஒன்றாக அமைவது சிறுபான்மைக் குழந்தைகளுக்கே. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. காலையில் எழுந்ததும் வாந்தி, வாந்தியெடுத்த பிறகு சற்றுத் தெளிவு, மறுநாள் மறுபடி வாந்தி என்று தொடங்குவது உண்டு. இதைப் பித்தம் என்பார்கள். சிறு குழந்தையானால் தொக்கம் விழுந்திருக்கிறது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இது இன்றும் நடக்கிறது. வெறும் வயிற்றுக் கோளாறில் அதனால் பெரிய கேடு வராது என்றே வைத்துக்கொள்வோம், நீலக் குழந்தைக்கோ அதில் போகும் இரண்டு நாள் திரும்பி வராது. பள்ளிப் பிள்ளையானால் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று கண் பரிசோதனைக்கு நாள் குறிப்பார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் மாற்றத்தைத்தான். வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை இடக்கையை நீட்டுகிறது, செருப்பு ஒரு காலில் மட்டும் கழன்று கழன்று போகிறது, நேற்றுவரை வாயாடிய பெண் சொல்லுக்குத் தடுமாறுகிறாள், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறது, கண் ஒன்று உள்நோக்கித் திரும்புகிறது, பகலெல்லாம் தூங்கிவழிகிறது என்றால் அவற்றை நாளும் நேரமும் போட்டுக் குறிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்து நிற்பது, தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுவது, ஓயாத சிணுங்கல் ஆகியவை அதற்கு ஈடானவை.

ஃபாலோ குழந்தைகளுக்கு வரும் நீல வேகத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அழுதாலோ மலம் கழித்தாலோ திடீரெனக் கருநீலமாகி மூச்சு வாங்கும் அந்த வேளையில், முழங்காலை மடக்கி மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும் என்பது இதய மருத்துவர்கள் கற்றுக்கொடுத்திருக்கும் பாடம். அது நிமிடக்கணக்கில் வந்து அடங்குவது. சீழ்க்கட்டியின் தலைவலியோ நாட்கணக்கில் ஏறிக்கொண்டே போவது. மிகவும் கெட்டிப்பட்ட இரத்தமே தலைவலியைத் தரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதுவா இதுவா என்பதை வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நன்றாகத் தேறிவருவதுபோல் இருந்த பிள்ளைக்குத் திடீரெனத் தாங்கமுடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு தப்புதல் ஏற்பட்டால், சீழ் உடைந்து மூளையின் நீரறைக்குள் பாய்ந்திருக்கலாம். இந்த நோயில் மிக மோசமான கட்டம் அதுவே.

புறப்படும்போது

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது. பின்னால் ஆய்வகத்தில் அது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பதை மட்டும் கெடுக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். வலிப்பு வந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டிருக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் பெயர்பெற்ற மருத்துவமனையை நினைக்காமல், குழந்தைகளைப் பார்க்கும் அவசரப் பிரிவு எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்கே போக வேண்டும், 108-ஐ அழைக்கலாம்.

வலிப்பு இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சிறிது அவகாசம் உண்டு. சி.டி. ஸ்கேன், குழந்தைகள் ஐ.சி.யூ., நரம்பு அறுவை மருத்துவர், இதய மருத்துவர் நான்கும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நல்லது. பொம்மசந்திராவில் உள்ள நாராயணா, கோரமங்களாப் பக்கமுள்ள செயின்ட் ஜான்ஸ் போன்றவை அத்தகையவை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு பொம்மசந்திரா அத்திப்பள்ளி தாண்டியதும் வழியிலேயே வந்துவிடுவதால் சில்க் போர்டு நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. பணவசதி இல்லாதவர்களுக்கு நிம்ஹான்ஸின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. அங்கே இதயத்துக்கான கருத்தை ஜெயதேவாவிடமிருந்து பெற வேண்டியிருக்கலாம் என்பதால், ஜெயதேவாவின் கோப்பைக் கையோடு எடுத்துப்போவது மிகவும் அவசியம்.

கோப்பு என்றால் மூன்று தாள் போதும்: கடைசி எக்கோ அறிக்கை, ஏதேனும் அறுவை நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது கொடுக்கும் மருந்துகளின் பட்டியல். மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக் கணவன் மனைவி இருவரிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். ஷன்ட் வைத்த குழந்தைகள் பலர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள்; இரத்தக்கசிவுக்கு அது காரணமாகும் என்பதால் அறுவை மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். நீல வேகத்துக்காக புரோப்ரனலால் சாப்பிடும் குழந்தைக்கு அதைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

அவசரப் பிரிவில் முதல் வாக்கியத்தையே இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: “என் பிள்ளைக்குப் பிறவி இதயக் குறை, நீல வகை, ஃபாலோ, இன்னும் முழு ஆபரேஷன் ஆகவில்லை, நான்கு நாளாகத் தலைவலியும் வாந்தியும், மூளையில் சீழ் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.” பெரும்பாலான பெங்களூர் மருத்துவமனைகளில் தமிழ் புரிந்துகொள்பவர் ஒருவராவது இருப்பார், கன்னடம் தடுமாறுகிறவர்கள் தயங்காமல் தமிழிலேயே தொடங்கலாம். காய்ச்சல், வாந்தி என்று வரிசையாகத் தொடங்கி இதயத்தைக் கடைசியில் சொல்வதுதான் தவறு. அதற்குள் டிரிப்ஸ் ஏறி, வயிற்றுத் தொற்று என்று சீட்டில் எழுதியாகிவிடும்.

மருத்துவமனைக்குள்

மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது வழக்கம். சீழ்க்கட்டி உள்ள மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை இறங்கி நெருக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நீலக் குழந்தைக்கு முதலில் ஸ்கேன், பிறகே மற்றது என்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்க வேண்டும். நிறமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.யில் சீழ்க்கட்டி நடுவில் கறுத்து, ஓரத்தில் வெண்மையான வளையத்தோடு தெரியும். நம் நாட்டில் அதே வளையத்தைக் காசநோய்க் கட்டியும், நாடாப்புழு முட்டையால் வரும் கட்டியும் உண்டாக்குவதால், இதயக் குறை பற்றிய தகவல் இல்லாமல் படத்தை மட்டும் பார்ப்பவர் வேறு பக்கம் திரும்பிவிட வாய்ப்பிருக்கிறது. ஸ்கேன் விண்ணப்பத் தாளில் இதயக் குறையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்னும் வகைப் படம் சீழையும் மற்றக் கட்டிகளையும் பெருமளவு பிரித்துக் காட்டும்.

டிரிப்ஸ் குழாயைப் பற்றி ஒரு சொல். மற்றக் குழந்தைகளுக்குக் குழாயில் ஓடும் சிறு காற்றுக்குமிழ் நுரையீரலில் தங்கிக் கரைந்துவிடும். நீலக் குழந்தைக்கு அதே குமிழ் குறுக்கே தாண்டி மூளைக்குப் போகலாம். புதுப் பாட்டில் மாற்றியவுடன், சொட்டு விழும் அறைக்குக் கீழே கண்ணாடிபோன்ற குழாயில் முத்து முத்தாகக் காற்று நிற்கிறதா என்று பார்த்து, இருந்தால் செவிலியரிடம் உடனே காட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதேபோல் ஸ்கேனுக்கோ அறுவைக்கோ வெறும் வயிற்றில் நெடுநேரம் வைத்திருக்க நேர்ந்தால், உடல் வறண்டு இரத்தம் மேலும் கெட்டிப்படாதிருக்க டிரிப்ஸ் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும்.

கட்டி ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, நீரறைக்கு அருகே இருந்தாலோ, மருந்துக்குச் சுருங்காவிட்டாலோ, மண்டையோட்டில் சிறு துளையிட்டு ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். தலையைத் திறப்பது என்று கேட்டவுடன் குடும்பம் நடுங்குவது இயல்பே. ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும், நாளை அமாவாசை, இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று கையெழுத்து தள்ளிப்போகிறது. 1876-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்யுவன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு சிறுவனுக்கு மூளையின் முன்பகுதியில் சீழ் இருப்பதை, ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத அந்தக் காலத்தில், அறிகுறிகளை மட்டும் கொண்டு கணித்தார். அறுவைக்கு அனுமதி கிடைக்கவில்லை, சிறுவன் இறந்தான், பிரேதப் பரிசோதனையில் அவர் சொன்ன இடத்திலேயே சீழ் இருந்தது. இன்று இடம் எதுவென்று படமே காட்டிவிடுகிறது. சீழை எடுப்பதால் இரண்டு பயன்: அழுத்தம் உடனே குறைகிறது, எந்தக் கிருமி என்று தெரிந்து அதற்குரிய மருந்தைக் கொடுக்க முடிகிறது. மயக்க மருந்து கொடுப்பவர் நீலக் குழந்தைகளைக் கையாண்டு பழகியவரா என்று மட்டும் கேளுங்கள். இரத்த அழுத்தம் தாழ்ந்தால் நீலம் கூடிவிடும் என்பதை அறிந்தவர் கையில் குழந்தை இருக்க வேண்டும். குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதுகிறேன்.

ஆறு வாரம், எட்டு வாரம்

இரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவது வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் நீளும். செஃப்ட்ரியாக்சோன் அல்லது செஃபோடாக்சிமோடு மெட்ரோனிடசோல் சேர்த்துத் தொடங்குவது பரவலான முறை. தோல் துளை வழியே வந்ததென்றால் வான்கோமைசினும் சேரும். கிருமி தெரிந்த பிறகு மருந்து மாறும். மூன்றாம் வாரத்தில் பிள்ளை ஓடியாடத் தொடங்கும், வேலைக்குப் போக வேண்டிய தகப்பனுக்கு டிஸ்சார்ஜ் கேட்கத் தோன்றும். கட்டி சுருங்கிவிட்டதாகத் தெரிந்தாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் அது திரும்பக்கூடும். மேற்கையில் போட்டு வாரக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய பிக் லைன் பற்றிக் கேட்டால், தினமும் புது ஊசி குத்தும் வேதனை பிள்ளைக்குக் குறையும். அதன் வழியாகவும் காற்று நுழையக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

நீண்ட நாள் மெட்ரோனிடசோலில் பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ நடை தள்ளாடினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். செஃப்ட்ரியாக்சோனில் வலப்பக்க மேல்வயிற்று வலி வந்தால் பித்தப்பையில் படிவு சேர்ந்திருக்கலாம். மருந்து நின்றபின் அது பெரும்பாலும் கரைந்துவிடும். இடையிடையே எடுக்கும் ஸ்கேனில் வளையம் மாதக்கணக்கில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் பார்த்து நோய் போகவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. வலிப்பு மருந்து இதைவிட நெடுநாள் தொடரும். அதை நிறுத்தும் முடிவு நரம்பியல் மருத்துவருடையது.

செலவைப் பற்றி முதல் நாளே பேசிவிடுவது நல்லது. மருத்துவமனையில் ஆரோக்கிய மித்ரா (அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வழிகாட்டும் ஊழியர்) இருக்கும் மேசையில் ஆதாரையும் ரேஷன் கார்டையும் காட்டி ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் எது அடங்கும் என்று கேட்க வேண்டும். பெங்களூரில் வேலை, கார்டு மட்டும் தருமபுரியிலோ வேலூரிலோ என்று இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்கள் அதை மறைக்காமல் சொல்லி, தேசிய அட்டையாக அதை ஏற்பார்களா, தமிழ்நாட்டுக் காப்பீட்டுக்கு என்ன வழி என்று அங்கேயே கேட்டுக்கொள்வது பின்னால் அலைச்சலைக் குறைக்கும். ஒயிட்ஃபீல்டில் உள்ள சத்ய சாய் மருத்துவமனையில் இதயம், நரம்பு இரண்டு பிரிவுகளும் கட்டணமின்றி இயங்குகின்றன; அது முன்பதிவோடு திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளுக்கு ஏற்றது, நள்ளிரவு ஓட்டத்துக்கு அல்ல.

மறுபடி வராதிருக்க

சீழ் ஆறியதும் கதை முடிவதில்லை; வழிவிட்ட இதயம் அப்படியேதான் இருக்கிறது. மூளை போதுமான அளவு ஆறிய பிறகு, இதயத்தை முழுமையாகச் சரிசெய்யும் அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்லி இதய மருத்துவரிடம் போக வேண்டும். அந்த அறுவையில் இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பதால், மூளையில் புண் பச்சையாக இருக்கும்போது அவசரப்படுவது ஆபத்து; அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஆபத்து. இதய மருத்துவரும் நரம்பு மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஏற்பாடு செய்வது, நம் ஊர் நிலைமையில், பெரும்பாலும் பெற்றோர் கையில்தான் இருக்கிறது. நரம்பு மருத்துவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இதய அறுவைக்கு எப்போது உடன்பாடு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

அதுவரை தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும், வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மணியிலேயே ஓ.ஆர்.எஸ். தொடங்க வேண்டும். ஹீமோகுளோபின் 17, 18 என்று இருக்கிற பிள்ளைக்கும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆகவே அதையும் தனியாகப் பரிசோதிக்கக் கேட்க வேண்டும்.

பல்லைத்தான் நாம் மிகவும் அலட்சியம் செய்கிறோம். பால்பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது என்று சொத்தையை விட்டுவைப்பது நீலக் குழந்தைக்குப் பொருந்தாது. இரண்டு வேளை பல் துலக்கல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவர், இரவில் பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவதை நிறுத்துதல் ஆகியவை கட்டாயம். பல் பிடுங்கும்போதோ ஈறில் இரத்தம் வரும்படியான சிகிச்சையின்போதோ, சரிசெய்யப்படாத நீல இதயக் குறை உள்ள குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக அது அமாக்சிசிலின், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம், அதிகபட்சம் 2 கிராம், சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து உண்டு. இந்த முறை முதன்மையாக இதய உட்சவ்வில் கிருமி பற்றுவதைத் தடுக்க ஏற்பட்டது. முழு அறுவைக்குப் பிறகும் செயற்கைத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் ஆறு மாதம் வரை இதைத் தொடர வேண்டும், அந்தத் துண்டின் ஓரத்தில் கசிவு மீதமிருந்தால் அதன் பிறகும் தொடர வேண்டும். ஆறாம் மாத எக்கோவின்போது கசிவு இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டு, பல் மருத்துவரிடம் காட்டும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.